தொங்குகிற வௌவாலைத் தொங்க விடுங்கள்

சென்ற வாரமும் ஒரு பசை அட்டை வந்தது. எலிக்கு வைக்கிற அட்டைதான். சிங்கப்பூரில் ஒரு தரைவீட்டில், கார் நிற்கும் கூரைக்கு அடியில், வௌவால் தொங்கும் இடத்தைப் பார்த்து, ஏணி போட்டு ஏறி ஒட்டியிருக்கிறார்கள். மீட்புக் குழுவினர் அட்டையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். பெண் வௌவால். இரண்டு இறக்கையும் விரிந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. விடுபடத் திமிறியதில் இறக்கை எலும்பு ஒன்று முறிந்து, தோல் விளிம்புவரை கிழிந்திருந்தது. வயிற்றோடு ஒரு குட்டி, காம்பைக் கவ்வியபடியே இருந்தது. குட்டிக்கு உயிர் இருந்தது. தாயைக் காப்பாற்ற வழியில்லாமல் ஊசி போட்டு வலியை முடித்தோம்.

வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். வயதானவர், தன்மையாகப் பேசினார். "எனக்கு அதுமேல கோபமெல்லாம் இல்ல டாக்டர். பேரப்பிள்ளை இருக்கிற வீடு. கொரோனாவே இதுலேருந்துதானே வந்துச்சு?"

"இல்லை அங்கிள், உங்கள் வாசலில் தொங்கியதிலிருந்து வரவில்லை" என்றேன். அவர் நம்பினாரா, தெரியவில்லை. இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள். அந்தப் பயத்தால் சாகும் உயிர்கள்தான் என் மேசைக்கு வருகின்றன. அதனால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்து இதை முதலில் பேசுகிறேன்.

வௌவாலிடம் வைரஸ் உண்டா? உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அது உங்களிடம் எப்படி வந்துசேரும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நிப்பா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 கடைசியில் மலேசியாவின் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கியது. பண்ணைகளைச் சுற்றி மாமரங்கள். பெரிய பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழம் தொழுவத்துக்குள் விழ, பன்றிகள் தின்றன. பன்றியிலிருந்து பன்றிக்கும், அப்புறம் பண்ணையில் வேலை செய்தவர்களுக்கும் பரவியது. மலேசியாவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் 11 பேருக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். அந்த 11 பேரும் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்தவர்கள், மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்டவர்கள். பங்களாதேஷில் அதே நிப்பா வேறு வழியில் வருகிறது. இரவெல்லாம் மரத்தில் திறந்து கிடக்கும் ஈச்சம் பதநீர்ப் பானையில் வௌவால் வாய் வைக்கிறது, காலையில் அதைக் காய்ச்சாமல் குடிக்கிறார்கள். சார்ஸ் நமக்கு மறக்கவில்லை. 2003இல் இங்கே 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள். அந்த வைரஸின் பூர்வீகம் சீனத்துக் குதிரைலாட வௌவால்கள் என்றாலும், மனிதர்களை எட்டியது சந்தைக் கூண்டுகளில் அடைத்து விற்ற புனுகுப்பூனைகள் வழியாக.

இவற்றில் எதிலுமே, கூரையில் தூங்கிக்கொண்டிருந்த வௌவால் கீழே இருந்த மனிதருக்கு நோயை ஊதிவிடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் தொழுவமோ பானையோ கூண்டோ நாம் வைத்தது. உங்கள் வாசலில் தொங்கும் வௌவாலுக்கும் உங்கள் பேரனுக்கும் நடுவில் பத்தடி காற்று இருக்கிறது. அந்தப் பத்தடியைத் துடைப்பத்தோடு கடப்பது நீங்கள்தான். அடித்து விழுத்திய வௌவால் கடிக்கும். பசையிலிருந்து பிய்த்தெடுக்கப் போனால் கண்டிப்பாகக் கடிக்கும். ஒன்றும் செய்யாமல் விட்ட வௌவால் யாரையும் தேடிவந்து கடித்ததாக என் அனுபவத்தில் இல்லை. பயந்து செய்கிற காரியம்தான் இல்லாத ஆபத்தை உண்டாக்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிப்பாவோடு பெயர் சேர்ந்த பெரிய பழந்தின்னி இங்கே நிலையாகத் தங்குவதில்லை. இறக்கை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வரும் விலங்கு அது, எப்போதாவது உபின் தீவுப் பக்கம் வந்துபோகும். உங்கள் வாசலில் இருப்பது குட்டையான மூக்கும் நாய் முகமும் கொண்ட சிறிய பழந்தின்னி. எடை 30 கிராமைச் சுற்றி இருக்கும். வெறிநாய்க்கடி நோயும் சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு இல்லை. அதற்காகக் கடித்தால் சும்மா இருந்துவிடாதீர்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

வைரஸைச் சுமந்தும் வௌவாலுக்கு ஏன் உடம்புக்கு வருவதில்லை என்று டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். வைரஸ் நுழைந்தால் நம் உடல் அளவுக்கு மீறிக் கொதித்தெழுகிறது, அந்த அழற்சியே பல நோயாளிகளைக் கொண்டுபோய்விடுகிறது. வௌவாலின் உடல் அதை அடக்கி வைக்கத் தெரிந்தது. மருத்துவத்துக்கு இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விலங்கை நாம் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அது உங்கள் வாசலுக்கு ஏன் வருகிறது? சாப்பிட வருகிறது. பழம் இருக்கும் மரத்திலேயே உட்கார்ந்து தின்றால் ஆந்தை பிடித்துவிடும், மற்ற வௌவால்கள் பிடுங்கவும் வரும். அதனால் ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு, இருட்டாக, மழை படாமல், மேலே பிடித்துத் தொங்க வசதியான இடத்துக்குப் போகும். உங்கள் கூரை அதற்குக் கச்சிதமாக இருக்கிறது. பழத்தை மேல் அண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். காலையில் தரையில் கிடக்கும் அந்தத் தட்டையான, நார் நாரான உருண்டைகள் எச்சம் அல்ல, சக்கை. ஒன்றை எடுத்துப் பார்த்தால் அண்ணத்தின் வரிகள் அதில் பதிந்திருப்பது தெரியும். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். சுவரில் வழிந்திருப்பதுதான் எச்சம். அதில் அத்தி விதையோ செர்ரி விதையோ இருக்கும்.

அந்த விதைகளுக்காகத்தான் காடு வௌவாலை நம்பியிருக்கிறது. தின்ற பழம் அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும், அதற்குள் வௌவால் எங்கோ பறந்திருக்கும். பறவைகள் வெட்டவெளியைக் கடக்கும்போது பெரும்பாலும் எச்சமிடுவதில்லை, வௌவால் பறந்தபடியே போட்டுக்கொண்டு போகும். கடற்கரையோரப் புன்னை, நாட்டு வாதுமை போன்ற பெரிய கொட்டைகளை வாயிலேயே தூக்கிப் போய்ச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை எங்காவது போடும். உங்கள் வாசலில் புன்னங்கொட்டை கிடந்தால் பக்கத்தில் எங்கோ ஒரு புன்னை மரம் காய்த்திருக்கிறது என்று பொருள்.

டுரியான் சீசனில் பை பையாக வாங்கி வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. டுரியான் பூ சாயங்காலம் விரிந்து, விடியும்போது உதிரத் தொடங்கிவிடும். அந்த ஓர் இரவில் அதற்கு மகரந்தம் கொண்டுவரும் முக்கியமான விலங்கு வௌவால்தான். தேன் குடிக்கும் குகை வௌவால் இதில் பெரிய உழைப்பாளி. மலேசியாவின் தியோமான் தீவில் டுரியான் பூக்களுக்குப் பக்கத்தில் கேமரா வைத்துப் பார்த்தபோது பழந்தின்னிகளும் இந்த வேலையைச் செய்வது தெரியவந்தது. பெத்தாய்க் கொட்டை போட்ட சம்பல் பிடிக்குமா? அந்தப் பெத்தாய் மரத்தின் பூவுக்கும் இரவில் வௌவால்தான் வருகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அங்குள்ள குகைகளில் தங்கும் தேன் வௌவால்கள், பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலோர அலையாத்திப் பூக்கள்வரை போய்வருவதை, 1970களிலேயே எச்சத்தில் இருந்த மகரந்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நகரமும் நெடுஞ்சாலையும் தாண்டி ஒரே இரவில் போய்த் திரும்புகின்றன. சிங்கப்பூரில் குகை இல்லாததால் இதே இனம் விரைவுச்சாலைப் பாலங்களுக்கு அடியில் குடியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு திருத்தமும் வேண்டும். வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும், டெங்கியை ஒழித்துவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு, வௌவால் இரவில் பறக்கும் விலங்கு. பூச்சி தின்னும் வௌவால்கள் வண்டு, அந்துப்பூச்சி, ஈசல், கொசு என்று எவ்வளவோ தின்கின்றன, அது பெரிய உதவிதான். மிகைப்படுத்திச் சொன்னால், அடுத்த டெங்கி அலையில் "உங்க வௌவால் என்ன பண்ணுச்சு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இப்போது வாசலுக்கு வருவோம். அசுத்தம் தொல்லைதான், இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளைச் சுவரில் தினமும் கறை என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். மாலையில் அந்த இடத்தில் ஒரு விளக்கைப் போட்டு வையுங்கள், இருட்டில்லாத இடம் அவற்றுக்குப் பிடிக்காது. தொங்கும் இடத்தில் பளபளக்கும் காகிதப் பட்டைகளைக் காற்றில் ஆடும்படி கட்டுங்கள். வீட்டு மரத்துப் பழத்தைப் பழுக்கவிடாமல் பறித்துவிடுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் பையால் மூடுங்கள். எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கித் தூசி கிளப்ப வேண்டாம். சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுக் கழுவுங்கள். ஒரு வாரம் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் இடம் மாறிவிடும். குட்டியோடு இருந்தால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். குட்டி தானாகப் பறக்கும்வரைதான். ஒரு பேற்றுக்கு ஒரே ஒரு குட்டி போடும் விலங்கு, எலியைப் போல அடுத்த மாதமே ஈடுகட்ட முடியாது.

செய்யக் கூடாதவை. அந்துருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிடாதீர்கள், அதன் வாடை உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் பூனைக்கும் கெடுதல். இணையத்தில் விற்கும் ஒலிக்கருவியில் காசைப் போடாதீர்கள். இந்தப் பழந்தின்னிகள் எதிரொலியை நம்பிப் பறப்பவை அல்ல, கண்ணும் மூக்கும்தான் இவற்றுக்கு வழிகாட்டி. அந்தக் கண்கள் எவ்வளவு பெரியவை என்று ஒருமுறை பாருங்கள், வௌவாலுக்குக் கண் தெரியாது என்ற பேச்சே எழாது. ரம்புத்தான் மரத்துக்கு மீன் வலையைத் தளர்வாகப் போர்த்தாதீர்கள். வலை போட்டே ஆக வேண்டுமென்றால் விரல் நுழையாத அளவு கண்ணுள்ளதை இழுத்துக் கட்டுங்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பூப்பந்து விளையாடுகிறவர்களே, ஆட்டம் முடிந்ததும் வலையைக் கழற்றிவிடுங்கள். பசை அட்டையைப் பற்றி இனி நான் என்ன சொல்ல? உயரத்தில், திறந்தவெளியில் அதை வைக்கவே கூடாது. வௌவால் மட்டுமல்ல, தேன்சிட்டும் பல்லியும்கூட அதில்தான் சாகின்றன.

வீட்டுக்குள் வந்துவிட்டால் முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வௌவாலைக் கொல்வது பெரும்பாலும் விசிறிதான். அறைக் கதவைச் சாத்தி, சன்னல்களை முழுக்கத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். வட்டமடிப்பது உங்கள் முடியைப் பிடிக்க அல்ல, வழி தேடித்தான். துண்டை வீசாதீர்கள். வௌவால் வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று பரிகாரம் கேட்டு அலையவும் வேண்டாம். பக்கத்தில் பழுத்த மரம் இருந்தது, உங்கள் சன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

தரையில் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பல வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்பிப் பறப்பது கடினம். காற்றுப்போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியால் மூடி, பூனை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் ஊற்றாதீர்கள், தண்ணீரையும் வாயில் விடாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பசையில் ஒட்டியிருந்தால் இழுக்கவே வேண்டாம். எண்ணெயும் தடவாதீர்கள். மீதிப் பசைமேல் டிஷ்யூ தாளை ஒட்டி மூடிவிட்டு, அட்டையோடு அப்படியே விடுங்கள். பொறுமையாகப் பிரித்தால் இறக்கை தப்பலாம். இறக்கைத் தோலில் சிறு ஓட்டை என்றால் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் நன்றாகக் கழுவுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், வௌவால் கடித்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கடித்த தழும்புள்ள பழத்தைச் சாப்பிடாதீர்கள், வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்பதும் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. 2020இல் கடுமையாக்கப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் காட்டு உயிரைக் கொல்வதும், பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் அபராதம் 50,000 வெள்ளிவரை போகலாம், சிறையும் உண்டு. "குட்டிதானே, நானே வளர்த்துவிடுகிறேன்" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன், எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. அழைக்கும்போது புளோக் எண்ணோடு எந்த மாடி, உள்ளேயா வெளியேயா, வயிற்றோடு ஒட்டிய குட்டி தெரிகிறதா என்று சொல்லுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. வருகிறவர்கள் என்ன கொண்டுவர வேண்டும் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.