நான்கு திசையும் கூடிய ஜாதகம்: சியான்லோங் பேரரசரின் எட்டு எழுத்துகள்

சீனாவின் சிங் மரபில் 1735 முதல் 1796 வரை ஆண்ட சியான்லோங் பேரரசர் 1711 செப்டம்பர் 25 அன்று, நள்ளிரவை ஒட்டிய பொழுதில் பிறந்தார். அந்தப் பிறப்பு நேரத்தைச் சீன முறையில் எழுத எட்டு எழுத்துகள் போதும்: ஷின்-முயல், டிங்-சேவல், கெங்-குதிரை, பிங்-எலி. முதல் இணை ஆண்டு, அடுத்தது மாதம், பிறகு நாள், கடைசியில் பொழுது. ஒவ்வோர் இணையையும் ஒரு தூண் என்பார்கள். நம் ஜாதகத்தில் உள்ள ராசிக் கட்டமோ நவகிரகமோ இதில் கிடையாது. சூரியன் வானில் எங்கே நிற்கிறது என்பது மட்டும் வேண்டும். மற்றதெல்லாம் எண்ணிக்கை.

எலி, குதிரை, முயல், சேவல் நான்கும் ஒரே ஜாதகத்தில் கூடுவதைச் சீன ஜோதிடர்கள் அரச அமைப்பு என்று கொண்டாடுகிறார்கள். அது எப்படி உருவாகிறது, உண்மையில் எவ்வளவு அரிது என்பதைத் தாளும் பேனாவும் இருந்தால் எவரும் கணக்கிட்டுவிடலாம்.

இரண்டு பல்சக்கரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பத்துப் பற்கள்: ஜியா, யீ, பிங், டிங், வூ, ஜி, கெங், ஷின், ரென், குய். இவை வானத் தண்டுகள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து தன்மைகளுக்கும் யாங் (ஆண் தன்மை) ஒன்று, யின் (பெண் தன்மை) ஒன்று. மற்றதில் பன்னிரண்டு: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. இவை பூமிக் கிளைகள். இரண்டு சக்கரமும் ஒவ்வொரு பல்லாக ஒன்றாகவே நகரும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மீச்சிறு பொதுமடங்கு 60. ஆகவே ஜியா-எலியில் தொடங்கி 60 அடி நகர்ந்தால் மறுபடி ஜியா-எலி. சாத்தியமான 120 இணைகளில் பாதி ஒருநாளும் வராது. ஒற்றைப்படைத் தண்டு ஒற்றைப்படைக் கிளையோடு மட்டுமே சேரும்.

பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு எண்ணும் நமக்கு இந்தச் சுற்று அந்நியமில்லை. நாம் ஆண்டுக்கு மட்டும் பயன்படுத்துவதைச் சீனர்கள் மாதம், நாள், பொழுது எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய ஒரு பொழுது நம் 5 நாழிகை, அதாவது இரண்டு மணி நேரம். எலிப் பொழுது இரவு 11 மணிக்குத் தொடங்கும்.

முதலில் ஆண்டுத் தூண். ஆண்டிலிருந்து 3 கழித்து 60 ஆல் வகுத்தால் வரும் மீதியே சுற்றில் அதன் இடம். 1711 கழித்தல் 3 என்றால் 1708, மீதி 28. சுற்றில் 28 ஆவது இணை ஷின்-முயல். இங்கேதான் பலர் முதல் தவறைச் செய்வார்கள். எட்டெழுத்துக் கணிதத்தில் ஆண்டு பிறப்பது சீனப் புத்தாண்டு அன்று அல்ல. மார்ச் சம இரவு நாளைச் சுழியமாக வைத்துச் சூரியன் 315 பாகையைத் தொடும் பிப்ரவரி 4 வாக்கில்தான். 2025 சீனப் புத்தாண்டு ஜனவரி 29 அன்று வந்தது. ஜனவரி 30 பிறந்த குழந்தையைத் தெருவில் எல்லாரும் பாம்பு ஆண்டுக் குழந்தை என்பார்கள். தூண் கணக்கிலோ அது இன்னும் டிராகன்.

மாதத்துக்கும் அதே விதி. அமாவாசை, பௌர்ணமியை விட்டுவிட்டு, சூரியன் கடக்கும் ஒவ்வொரு 30 பாகைக்கும் ஒரு மாதம். 165 பாகையிலிருந்து 195 பாகை வரை, ஏறத்தாழ செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 8 வரை, சேவல் மாதம். கிளை சூரியனிடமிருந்து கிடைக்கிறது, தண்டு ஆண்டிடமிருந்து. ஆண்டுக்கு 12 மாதம், ஐந்து ஆண்டுக்கு 60 மாதம். எனவே மாதச் சுற்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளும். ஜியா, ஜி ஆண்டுகளில் புலி மாதத்தின் தண்டு பிங். யீ, கெங் ஆண்டுகளில் வூ. பிங், ஷின் ஆண்டுகளில் கெங். டிங், ரென் ஆண்டுகளில் ரென். வூ, குய் ஆண்டுகளில் ஜியா. சியான்லோங் பிறந்தது ஷின் ஆண்டு, ஆகவே புலியைக் கெங் என வைத்து எட்டாவதான சேவல் வரை எண்ணினால் டிங்.

நாள் தூண்தான் என் மனத்துக்கு மிகப் பிடித்த பகுதி, ஏனென்றால் அதற்கு வானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இடைவிடாத எண்ணிக்கை, அவ்வளவுதான். 2000 ஜனவரி 1 சுற்றில் 55 ஆவது நாள், வூ-குதிரை. 1711 செப்டம்பர் 25 அதற்கு 1,05,288 நாள் முந்தியது. 60 ஆல் வகுக்க மீதி 48. 55 இல் 48 போனால் 7. ஏழாவது இணை கெங்-குதிரை. இந்த எண்ணிக்கை அறுந்ததே இல்லை என்று எப்படித் தெரியும்? 'வசந்தமும் இலையுதிர்காலமும்' என்ற பழைய அரசகுறிப்பு ஒரு சூரிய கிரகணத்தை ஜி-பாம்பு நாளில் பதிவு செய்திருக்கிறது. கிரகணக் கணிதப்படி அது கி.மு. 720 பிப்ரவரி 22. அங்கிருந்து இன்றுவரை எண்ணிப் பார்த்தால் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அதற்கும் பல நூற்றாண்டு முந்திய ஷாங் காலத்து ஆமையோடுகளிலும் எலும்புகளிலும் இதே 60 நாள் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன.

கடைசியாகப் பொழுது. நாளுக்கு 12 பொழுது, ஐந்து நாளுக்கு 60. மாதத்துக்குச் சொன்ன அதே தர்க்கம். யீ, கெங் நாட்களில் எலிப் பொழுதின் தண்டு பிங். எட்டு எழுத்தும் முடிந்தது.

நேரத்தில்தான் ஜாதகங்கள் அதிகம் கெடுகின்றன. இந்த முறை கேட்பது பிறந்த ஊரின் சூரிய நேரம், கடிகார நேரமல்ல. இன்றைய சீனா முழுவதும் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தையே பின்பற்றுகிறது. மேற்கே உரும்சி நகரம் 87.6 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் வித்தியாசம் ஏறத்தாழ 130 நிமிடம். ஒரு பொழுதே 120 நிமிடம்தான் என்பதால் கடிகாரத்தை அப்படியே எடுத்தால் பொழுதுத் தூண் நிச்சயம் தவறும். 1986 முதல் 1991 வரை சீனா கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதையும் கழிக்க வேண்டும். நாள் எப்போது மாறுகிறது என்பதில் ஜோதிடர்களே இரு கட்சி. இரவு 11 மணிக்கே மாறுகிறது என்பது ஒன்று, 12 மணிக்கு என்பது மற்றது. எலிப் பொழுதில் பிறந்தவருக்கு இது நாள் தூணையே மாற்றிவிடும்.

இனி, இந்த நான்கு கிளைகளில் என்ன மேன்மை? எலி வடக்கு, நடுக்குளிர், நள்ளிரவு. குதிரை தெற்கு, நடுக்கோடை, நண்பகல். முயல் கிழக்கும் வசந்தமும் விடியலும். சேவல் மேற்கும் இலையுதிர்காலமும் மாலையும். ஒவ்வொன்றும் ஒரு தன்மை உச்சம் தொடும் இடம்: நீர், நெருப்பு, மரம், உலோகம். மற்ற கிளைகளுக்குள் இரண்டு மூன்று தண்டுகள் மறைந்திருக்கும் என்பது கோட்பாடு. எலி, முயல், சேவலுக்குள் ஒன்றே ஒன்று. குதிரைக்குள் மட்டும் நெருப்போடு மண்ணும் உண்டு. எலியும் குதிரையும் எதிரெதிர், முயலும் சேவலும் எதிரெதிர். ஒரு ஜாதகத்தில் இப்படி ஒரு மோதல் இருந்தாலே கலக்கம் என்பார்கள். இரண்டு மோதலும் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று தாங்கி நான்கு திசையும் நிறைகிறது என்பது மரபின் வாதம்.

கூட்டம் சேர்ந்தால் மட்டும் போதாது, நடுவே ஓர் ஆள் வேண்டும். நாள் தூணின் தண்டே ஜாதகர். இங்கே அது கெங், யாங் உலோகம். பிறந்தது உலோகம் உச்சத்தில் இருக்கும் சேவல் மாதம். கெங்குக்குச் சேவலை 'வாள் முனை' என்கிறார்கள். வலிமை மிஞ்சிய நிலை. மிஞ்சிய உலோகத்தை அடக்க நெருப்பு தேவை. அவர் தண்டுகளில் டிங், பிங் என இரு நெருப்பு, அவை வேரூன்றக் குதிரைக் கிளை. உலைக்குப் போன இரும்பு வாளாகும் என்று படிக்கிறார்கள். இதே நான்கு கிளையோடு நாள் தண்டு பலவீனமாக அமைந்தால் அதே ஜோதிடர் அதை அலைச்சலும் குழப்பமும் என்றே எழுதுவார். ஆகவே நான்கு கிளையைக் கண்டதும் அரச யோகம் என்பவர் பாதி விதியைத்தான் படித்திருக்கிறார்.

எவ்வளவு அரிது? ஆண்டு இணை 60, மாதக் கிளை 12, நாள் இணை 60, பொழுதுக் கிளை 12. பெருக்கினால் 5,18,400 ஜாதகங்கள். கிளைகளை மட்டும் எடுத்தால் 12 ஐ நான்கு முறை பெருக்கி 20,736; நான்கு திசைக் கிளைகளை வரிசை மாற்ற 24 வழி. 864 இல் ஒன்று. எலி, முயல், குதிரை, சேவல் ஆண்டுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும். அந்த ஆண்டுக்குள் வாய்ப்பு 288 இல் ஒன்று. 2011 முயல் ஆண்டு. அவ்வாண்டு சீனாவில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. 288 இல் ஒன்று என்ற கணக்குப்படி அவர்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பேரரசரின் நான்கு கிளைகளோடு வந்திருக்க வேண்டும்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. மிங் மரபைத் தொடங்கிய ஜூ யுவான்சாங்கின் ஜாதகமாக ஜோதிட நூல்கள் தருவது வூ-டிராகன், ரென்-நாய், டிங்-எருது, டிங்-ஆடு. நான்கு 'களஞ்சியக்' கிளைகளும் கூடிய அமைப்பு. அவர் பிறந்த 1328 அக்டோபர் 21 ஐ வைத்து நாள் தூணைச் சோதித்தால் டிங்-எருது சரியாக வருகிறது. ஆனால் அந்தத் தேதி ஜூலியன் நாட்காட்டியில் எழுதப்படுவது. கணினியில் கிரகோரியன் என்று நினைத்து இட்டால் 8 நாள் பிசகி ஜி-பாம்பு வரும்; அமைப்பே உடைந்துவிடும்.

இவற்றைவிட மிக அரிது நான்கு தூணும் ஒன்றேயாக அமைவது. 60 இணைகளில் எதுவும் அப்படி வரலாம் என்று தோன்றும். வராது. மேலே சொன்ன மாத விதியைப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுத் தண்டும் மாதத் தண்டும் ஒன்றாக, கிளையும் ஒன்றாக அமையப் பன்னிரண்டே இணைகள்தான் தேறும். அவற்றில் ஷின்-எருது, ரென்-எலி இரண்டும் பொழுது விதியில் விழுந்துவிடும். மிஞ்சுவது பத்து: ஜியா-நாய், யீ-சேவல், பிங்-குரங்கு, டிங்-ஆடு, வூ-குதிரை, ஜி-பாம்பு, கெங்-டிராகன், ஷின்-முயல், ரென்-புலி, குய்-பன்றி. நாளுக்கும் பொழுதுக்கும் உள்ள விதியில் இந்தப் பத்தும் தப்பிவிடும். 5,18,400 இல் 10 என்றால் 51,840 இல் ஒன்று. 1978 ஜூன் 25 நண்பகலில் நான்கு தூணும் வூ-குதிரையாக நின்றன.

நான்கு வூ-குதிரை மூவரசுக் கால வீரர் குவான் யூவின் ஜாதகம் என்றும், நான்கு குய்-பன்றி அவர் தோழர் ஜாங் ஃபேயுடையது என்றும் நாட்டார் வழக்கு சொல்கிறது. இதைக் கணக்கு அனுமதிக்காது. வூ-குதிரை ஆண்டுகள் 118, 178. கி.பி. 184 இல் மஞ்சள் தலைப்பாகைக் கலகத்தை எதிர்த்துத் தன் தலைவர் லியூ பேயோடு கிளம்பியபோது குவான் யூவுக்கு 66 வயதோ 6 வயதோ ஆகியிருக்க வேண்டும். குய்-பன்றி ஆண்டுகள் 123, 183. ஜாங் ஃபே அப்போது கிழவர், அல்லது கைக்குழந்தை. புகழ் முதலில் வந்தது. ஜாதகம் பிறகு எழுதப்பட்டது.

சியான்லோங்கின் ஜாதகம் அப்படியல்ல, தேதியோடு ஒத்துப்போகிறது. அதனாலேயே அதை வைத்து ஒரு சோதனை செய்யலாம்: அதே எட்டு எழுத்தும் மறுபடி எப்போது வந்தன? ஷின்-முயல் ஆண்டு 60 ஆண்டுக்கு ஒருமுறை. அறுபது ஆண்டில் 21,915 நாள் (நூற்றாண்டு லீப் விதியால் சில சமயம் 21,914). அதை 60 ஆல் வகுத்தால் மீதி 15. எனவே கெங்-குதிரை நாள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 15 நாள் பின்னுக்கு நகரும். சேவல் மாதமோ 30 நாள். ஆக, இரண்டு முறை மாதத்துக்குள் விழும், இரண்டு முறை வெளியே போகும். 1711 இல் செப்டம்பர் 25, 1771 இல் செப்டம்பர் 10. 1831, 1891 இரண்டிலும் இல்லை. 1951 இல் செப்டம்பர் 27, 2011 இல் செப்டம்பர் 12.

2011 வாக்கில் உலகில் ஆண்டுக்கு 13, 14 கோடி குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. இரண்டு மணி நேரப் பங்கு ஏறத்தாழ 30 ஆயிரம். ஒவ்வோர் ஊரும் தன் சூரிய நேரப்படி அந்த எலிப் பொழுதைக் கடந்தது. பத்தாண்டுப் பலன்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் எதிர்த்திசையில் ஓடும் என்பதால் பாதியைக் கழித்தாலும், பேரரசரின் ஜாதகம் எழுத்து மாறாமல் 15 ஆயிரம் சிறுவர்களிடம் இருக்கிறது. நாட்காட்டிக் கணிதத்தை கி.மு. 720 கிரகணம் வரை சோதித்துச் சரி என்று சொல்ல முடிகிறது. அதன்மேல் கட்டிய பலனுக்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் இல்லை. இந்தச் சிறுவர்களின் வாழ்க்கை ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்கவும் காரணமில்லை. 2071, 2131 இரண்டிலும் கெங்-குதிரை நாள் சேவல் மாதத்துக்கு வெளியே விழுகிறது. அடுத்தமுறை இதே எட்டு எழுத்தும் கூடுவது 2191 செப்டம்பர் 28 அன்று.