நீவிவிடும் கைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

பிடித்துவிடுவதும் நீவிவிடுவதும் நம் ஊருக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகை சொல்வார்கள். சுளுக்கு எடுக்கும் பெரியவர், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆயா, என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட் என்று எல்லோரிடமும் கை அனுபவம் நிறைய இருக்கிறது. இல்லாதது பதிவு. யாருக்கு, எவ்வளவு நேரம், எத்தனை தடவை செய்தோம், அதற்கு முன் வலி எப்படி இருந்தது, மூன்று மாதம் கழித்து எப்படி என்று கேட்டால் நினைவிலிருந்துதான் பதில் வரும். நினைவில் தங்குவது குணமானவர்கள் மட்டும்தான். குணமாகாதவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடம் பார்த்துப் போயிருப்பார்.

புதுச்சேரியில் நடந்த மசாஜ் சிகிச்சை ஆய்வரங்கு ஒன்றில் அண்மையில் பேசிவிட்டு வந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருப்பவளுக்கு ஆய்வரங்கில் என்ன வேலை என்று சக தொழில்காரர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது ஒரே ஒருவரின் சிகிச்சைக் குறிப்பு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை பார்க்கும் ஒரு அம்மா. நாளெல்லாம் குனிந்தே இருக்கும் வேலை, கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப்போய் வந்தார். ஆளை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இல்லாமல் எழுதலாமா என்று கேட்டு, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன். "என் வலிய வெச்சு இன்னொருத்திக்கு வழி தெரிஞ்சா நல்லதுதானே பாப்பா" என்றார்.

வலிக்கு மதிப்பெண் கேட்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது என்று விளக்கினால், அவர் "ரூபாய்க்குப் பன்னெண்டணா வலி" என்றார். வயதானவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் கையில் வரும். முதல் நாள் எந்தக் கணக்கில் கேட்டோமோ, கடைசி நாளும் அதே கணக்கில் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதோடு, வலியை மட்டும் கேட்டால் போதாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்க முடிகிறதா, முறத்தில் புடைக்க முடிகிறதா, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா என்று அன்றாட வேலைகளையும் வாராவாரம் எழுதிவைத்தேன். தனி நோயாளிக் குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2013இல் வந்த 'கேர்' நெறிமுறை 13 தலைப்புகளைத் தருகிறது. அதை வைத்துக்கொண்டு எழுதினால் எதுவும் விட்டுப்போகாது.

பேசி முடித்ததும் புள்ளியியல் தெரிந்த ஒரு டாக்டர் கேட்ட கேள்வி: "அந்த அம்மா அந்த வாரங்களில் வேலைக்குப் போனாரா?" அரங்கிலேயே நல்ல கேள்வி இதுதான் என்பேன். சீசன் முடிந்து வேலை குறைந்தால் வலி தானாகவே குறையும். அதுமட்டுமில்லை, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் நம்மைத் தேடி வருவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே? அந்த இறக்கத்தை நம் கையின் பலன் என்று எடுத்துக்கொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். வேலைக்குப் போன நாட்களும் குறிப்பில் இருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. ஆனாலும் ஒருவரை வைத்து 'மசாஜால்தான் குணம்' என்று சொல்ல முடியாது. அதைக் கட்டுரையிலேயே எழுதியிருந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும் என்பது அதனால்தான். மாத்திரை ஆய்வில் அந்தக் குழுவுக்கு மருந்தே இல்லாத, வெறும் இனிப்பு மாத்திரை கொடுத்துவிடலாம். மசாஜில் போலிக்கு என்ன செய்வது? செய்கிறவருக்கும் தெரியும், படுத்திருப்பவருக்கும் தெரியும். சில ஆய்வுகளில் அழுத்தாமல் லேசாகக் கைவைப்பதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொடுகையே சிலருக்கு இதமாக இருக்கிறது என்பது இதில் இருக்கும் அடுத்த சிக்கல்.

இதையெல்லாம் மீறி நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. குறைமாதக் குழந்தைகளை வைத்து டிஃபனி ஃபீல்ட் குழு 1986இல் வெளியிட்டது பலருக்குத் தெரிந்திருக்கும்: நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம், 10 நாள் நீவிவிட்டு, கைகால் அசைத்துவிட்ட குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. 2011இல் அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 401 பேரை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் நேரடியாக நம் தொழிலைத் தொடுகிறது. உடம்பைத் தளர்த்தும் சாதாரண மசாஜும், தசையைக் குறிவைத்து அழுத்தும் மசாஜும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தந்தன, வழக்கமான சிகிச்சையைவிட இரண்டுமே மேல். 'என் முறைதான் சரி' என்று நாம் போடும் சண்டைக்கு இதில் இடமில்லை. அதேசமயம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் 25 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த மதிப்பாய்வு, இடுப்புவலிக்கு மசாஜ் உதவும் என்று சொல்லும் சான்றுகளின் தரம் குறைவு என்றது. இரண்டையும் சேர்த்தே நோயாளியிடம் சொல்ல வேண்டும், நமக்குப் பிடித்ததை மட்டும் இல்லை.

'தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலம் வெளியேறும்' என்று நம்மில் பலர் இன்னும் சொல்கிறோம். 2012இல் வந்த ஓர் ஆய்வில் 11 இளைஞர்களைக் களைக்கக் களைக்க சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு காலிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் வித்தியாசம் இல்லை. இனிமேலாவது அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இன்னொருவர் கேட்டார், கைவைக்கும் முன் யாருக்குச் செய்யக்கூடாது என்று பார்த்தீர்களா என்று. இது பொதுமக்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால் அது ரத்தக்குழாயில் உறைந்த கட்டியாக இருக்கலாம். நீவிவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை ஆகிப் படுத்திருந்தவர்களுக்கும், பிரசவமான புதிதில் தாய்மார்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு தேய்ந்து பலவீனமானவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லாதீர்கள். இடுப்புவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால் செயலிழந்தாலோ அது மசாஜுக்கு உரிய வலியே இல்லை.

பேச ஆசை இருந்தும் தயங்குபவர்களுக்கு: ஒரு நோயாளியிலிருந்தே தொடங்கலாம். 2008 முதல் வரும் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் தெரப்யூட்டிக் மசாஜ் அண்ட் பாடிவொர்க்' இதழை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், தனி நோயாளிக் குறிப்புகளையும் அதில் வெளியிடுகிறார்கள். பலரைச் சேர்த்து ஆய்வாகச் செய்வதென்றால் முதலில் நெறிமுறைக் குழுவின் (எதிக்ஸ் கமிட்டி) அனுமதி வேண்டும். சிகிச்சைப் பலனை ஒப்பிடும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். ஆங்கிலம் வராதே என்று பயப்பட வேண்டாம். நான் பாதிக்குமேல் தமிழில்தான் பேசினேன், கேள்விகளும் தமிழில்தான் வந்தன.

கேள்வித்தாளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் செய்துவைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் யாருக்குக் கைவைக்கக்கூடாது என்ற சரிபார்ப்பு. இரண்டாவதில் வலி, அன்றாட வேலை, வேலைக்குப் போன நாட்கள், வேறு மருந்து சாப்பிட்டாரா என்பது. கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கம் தொழில் செய்பவர்கள் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அடுத்த முந்திரி சீசனுக்குள் நான்கைந்து கிளினிக்காவது ஒரே தாளில் எழுதத் தொடங்கினால், நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.