கை கால் ஒல்லி, வயிறு மட்டும் பெரிசு

சேலத்தில் அம்மாபேட்டை, குகைப் பக்கம் குழித்தறி நெய்பவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். கால் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறது, ஒரு கை குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைச் சொடுக்குகிறது, மறு கை அந்த நூலை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்கிறது. விசைத்தறியில் இதையெல்லாம் மோட்டார் பார்த்துக்கொள்கிறது. ஆளுக்கு மிச்சம், நூல் சுற்றிய தாரை மாற்றுவதும் அறுந்த இழையை முடிவதும்தான். நாள் முழுக்க நின்றாலும், செலவாகும் கலோரி குறைவு.

உடல் பருமன் என்றதும் நாம் முதலில் பழி போடுவது நாக்கின் மேல். சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டால் குடி முழுகிப் போகாது. அசைவுக்கும் பெரிய பங்கு உண்டு. 1999இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் லெவின் குழு 16 பேருக்கு, தேவையைவிட நாளுக்கு 1000 கலோரி கூடுதலாக 8 வாரம் கொடுத்துப் பார்த்தது. ஒருவருக்குக் கூடிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல். உடற்பயிற்சி என்று எண்ணாமல் செய்கிற சின்னச் சின்ன அசைவுகள்தான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். நகரம் முதலில் பறிப்பதும் அதைத்தான்: பக்கத்துத் தெருவுக்குக்கூட பைக், மாடிக்கு லிஃப்ட்.

சரி, மிஞ்சும் கலோரி எங்கே போகிறது? முதலில் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புச் செல்களுக்கு. அங்கே இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. அந்தச் செல்கள் ஓரளவுக்கு மேல் கொள்ளாது. அப்புறம் கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் படிகிறது. வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள், குடலிலிருந்து வரும் ரத்தக்குழாய் வழியே நேரே கல்லீரலுக்குப் போகின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் ஹார்மோனான இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்காமல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது.

தெற்காசியர்களுக்கு இந்தக் கட்டம் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. உலக அளவில் உடல் நிறை எண் (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 30ஐத் தொட்டால் பருமன் என்பார்கள். அதனால்தான் இந்தியர்களுக்கு மருத்துவர்கள் 25லேயே சொல்லிவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர், ஆண்களில் 37 சதவீதம் பேர் அந்த 25ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள்.

எடை மெஷினைவிட டெய்லர் டேப் இங்கே உருப்படியான கருவி. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.தான் எல்லை. பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டை அதற்குக் கீழே இறக்கித்தான் போடுகிறார்கள்.