கரானா: வீட்டைச் சொல்லும் சொல், ஊரைச் சொல்லும் பெயர்

வடநாட்டு இந்துஸ்தானி இசையைப் பற்றி யார் எழுதினாலும் ‘கரானா’ என்ற சொல் சீக்கிரமே வந்துவிடும். குவாலியர் கரானா, ஆக்ரா கரானா, கிரானா கரானா, பட்டியாலா கரானா. தமிழில் ‘கராணா’ என்றும் எழுதுகிறார்கள். இந்தி ஒலிக்கு நெருக்கமானது ‘னா’தான், ஆகவே கரானா.

இந்தியில் ‘கர்’ என்றால் வீடு. வடமொழி ‘க்ருஹ’ பிராகிருதத்தின் வழியே அப்படித் தேய்ந்தது. கரானா என்றால் வீட்டார், குடும்பம், வம்சம். ‘நல்ல கரானாவில் பிறந்த பெண்’ என்று இன்றும் கல்யாணப் பேச்சில் சொல்வார்கள். இசையில் ஒரு குடும்பமும் அதன் சீடர்களும் தலைமுறைகளாகக் காத்துவரும் பாட்டுமுறையை இது குறிக்கும். மூன்று தலைமுறையாவது தொடர்ந்தால்தான் கரானா என்பது இசைக்காரர்களின் கணக்கு.

சொல் வீட்டைச் சொல்ல, பெயரில் ஊர் எப்படி நுழைந்தது? முகலாய அரசவை நொடித்த பிறகு பாடகர் குடும்பங்கள் சமஸ்தானங்களைத் தேடிப் போயின. புது இடத்தில் ‘எந்த ஊர்க்காரர்?’ என்ற கேள்விக்குச் சொன்ன பதிலே அடையாளமாக ஒட்டிக்கொண்டது. ஜெய்ப்பூர்-அத்ரௌலி கரானாவில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன: அத்ரௌலி அதைத் தொடங்கிய பாடகர் அல்லாதியா கானின் பூர்விகம், ஜெய்ப்பூர் ஆதரவு தந்த அரசவை. அவர் புகழ்பெற்றதோ கோலாப்பூரில்.

எனவே ஊர்ப்பெயரைப் பார்த்ததும் அந்த மண்ணின் மணம் பாட்டில் வீசும் என்று எழுதிவிடுவது அவசரம். கிரானாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது உத்தரப் பிரதேசத்தில் இன்று கைரானா எனப்படும் ஊர். அங்கே 1872-இல் பிறந்த பாடகர் அப்துல் கரீம் கான் தங்கியது மராட்டியப் பக்கத்து மிரஜில். மைசூர் அரண்மனையில் பாடப் போய்வந்த அவருக்குக் கர்நாடக இசையோடு நெருக்கம் உண்டாயிற்று. ஸ்வரம் பாடும் விதத்தில் தென்னாட்டு வாடை வந்தது, தியாகராஜர் கிருதியொன்றையும் இசைத்தட்டில் பாடினார். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவர் சீடர் சவாய் கந்தர்வா, அவரிடம் கற்ற கங்குபாய் ஹங்கல், பீம்சேன் ஜோஷி எல்லாரும் வட கர்நாடகத்துத் தார்வாட் வட்டாரத்துக் கன்னடியர். கிரானா என்ற பெயர் வடக்கே இருக்க, கிரானா பாட்டு தெற்கே வேர்விட்டது. என்னைக் கேட்டால், அந்தப் பாட்டைச் செதுக்கியதில் பிறந்த ஊரைவிடப் போய்ச் சேர்ந்த ஊர்களுக்குப் பங்கு அதிகம்.

ஊர் உண்மையாகவே கையில் ஏறியதைக் கேட்க வேண்டுமானால் தபலாவுக்கு வர வேண்டும். தில்லி வாசிப்பு விரல் வேலை: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விளிம்பில் தெறிக்கும் கறாரான சொற்கள் (தபலாவில் எழும் ஒலிகளைத்தான் சொல் என்கிறேன்). அதே கலை லக்னோ போனதும் நவாப் அவையில் கதக் என்னும் வடநாட்டு ஆட்டத்துக்குத் துணை போக வேண்டியிருந்தது. சலங்கைக்கு ஈடுகொடுக்க உள்ளங்கை இறங்கியது, திறந்த, முழங்கும் சொற்கள் பெருகின. ஊர் என்றால் இங்கே மண்ணும் தண்ணீரும் அல்ல, அந்த ஊரில் இருந்த வேலை.

தமிழில் என்ன சொல்வது? வழக்கில் இருப்பது ‘பாணி’. பழந்தமிழில் பாணி என்றால் தாளம். சிலப்பதிகாரம் ‘ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்’ என்கிறது. இன்றைய பாணி நடையைக் குறிக்கும். மிருதங்கத்தில் தஞ்சாவூர் பாணி, புதுக்கோட்டை பாணி என்கிறோம். கஞ்சிரா மேதை மாமுண்டியா பிள்ளையிடமிருந்து தட்சிணாமூர்த்தி பிள்ளை வழியாக வந்த புதுக்கோட்டை வாசிப்பு கரானாவுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் ‘அரியக்குடி பாணி’ என்பதில் அரியக்குடி ஊரல்ல, ராமானுஜ ஐயங்கார் என்ற ஆள். அவர் கற்றது ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரிடம். சொந்த ஊர் அவர் பெயரில் முன்னொட்டாக நின்றதோடு சரி. பாணி என்ற சொல்லில் நடை இருக்கிறது, குடும்பம் இல்லை.

குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரச் சுமக்கும் தமிழ்ச்சொல் ‘குடி’. வீடு, குலம், ஊர் மூன்றும் அதன் பொருள். அரியக்குடி, செம்மங்குடி, காரைக்குடி என இசைக்காரர்களின் ஊர்ப்பெயர்களிலேயே அது ஒட்டியிருக்கிறது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்நான்கன்றி வேறு குடி இல்லை என்று புறநானூற்றில் பாடியவர் மாங்குடி கிழார். அந்நால்வரில் முதல் மூவர் இசையோடும் முழக்கோடும் வாழ்ந்தவர்கள். ஆகவே ‘இசைக்குடி’ என்பேன். மது நினைவுக்கு வருகிறது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், ‘இசைமரபு’ என்பதைவிட இது இறுக்கமானது.

பாணியையும் விட்டுவிட வேண்டாம். லக்னோ தபலாவில் உள்ளங்கை எப்படி விழுகிறது என்று எழுதினால் ‘லக்னோ பாணி’. யார் யாருடைய மகன், யாரிடம் கற்றார் என்று எழுதினால் ‘லக்னோ இசைக்குடி’.