காரப்போலி: ஆல்கலாய்டுக்குத் தமிழ்ச்சொல்

வெப்பமண்டல மூலிகைகளில் புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆய்வுகளைத் தமிழில் படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் சொல் ஆல்கலாய்டு. 'நித்தியகல்யாணியில் ஆல்கலாய்டு இருக்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அது சத்தா, நஞ்சா, எண்ணெயா என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. இதற்குக் காரப்போலி என்ற சொல் தமிழில் இருக்கிறது. பொருளைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் சொல் அது. ஆனால் 'போலி'யைக் கண்டு கூச்சப்பட்டு அதை ஒதுக்கிவிடுகிறோம்.

காரப்போலி என்பது நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மம். பெரும்பாலும் செடிகள் ஆக்குபவை. சில விலங்குகளிலும் பூஞ்சைகளிலும் உண்டு. பல கசக்கும், பல சிறிய அளவிலேயே உடலை ஆட்டிப்படைக்கும். அந்த நைட்ரஜன்தான் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரத்தன்மையைத் தருகிறது. அமிலம் பட்டால் உப்பாகி நீரில் கரையும். வலிய காரம் சேர்ந்தால் நீரை விட்டுப் பிரிந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காய்ந்த இலைப்பொடியை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். தெளிந்த வடிநீரில் கொஞ்சம் எடுத்து டிராகண்டார்ஃப் கரைசலைச் சில சொட்டு விட்டால், காரப்போலி இருக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் திரிந்து கீழே படியும். புதிதாக ஒரு செடியை ஆராயத் தொடங்குபவர்கள் முதலில் செய்யும் சோதனைகளில் இது ஒன்று. அந்த நிறம் சொல்வது 'இங்கே காரப்போலி இருக்கலாம்' என்பதை மட்டும்தான். புற்றுநோயைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாக்கி 'இந்த இலை புற்றைக் குணமாக்கும்' என்று எழுதுவது பெரும் தவறு.

ஆல்கலாய்டு என்ற சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஜெர்மனியின் ஹாலே நகரத்து மருந்தாளர் கார்ல் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் மைஸ்னர் 1819-இல் ஆக்கிய சொல் இது. முதற்பாதி 'அல்கலி', அரபு மொழியின் 'அல் கலீ'. உமரி போன்ற உவர்நிலச் செடிகளைச் சுட்டு எடுத்த சாம்பலுக்கு அந்தப் பெயர். பின்பாதி கிரேக்கம், 'உருவில் ஒத்தது' என்று பொருள். செடிகளில் கிடைத்த இந்தப் பொருள்கள் காரம்போல நடந்தாலும் சில இயல்புகளில் காரத்திலிருந்து வேறுபடுகின்றன, ஆகவே காரம் என்றே அழைப்பது சரியல்ல என்பது மைஸ்னரின் கருத்து.

நம் 'காரம்' வடமொழி 'க்ஷாரம்' வழி வந்தது என்கின்றன அகராதிகள். ஆயுர்வேதத்தில் க்ஷாரம் என்பதும் செடியைச் சுட்டு, சாம்பலைக் கரைத்து எடுப்பதுதான். அரபுச் சொல்லும் இந்தச் சொல்லும் ஒரே அடுப்புச் சாம்பலில் சந்திப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மிளகாயின் காரம் வேறு. அப்பளக்காரம், வெங்காரம், சவுக்காரம் ஆகியவற்றில் இருக்கும் காரமே இங்கே வருவது. 'தாவரக் காரம்' என்று சுருக்கிவிடலாமே என்று தோன்றும். பழைய வேதியியலில் அந்தப் பெயர் மரச்சாம்பலின் பொட்டாசுக்கு உரியது. குழப்பம்தான் மிஞ்சும்.

இனி அந்தப் 'போலி'. இன்று போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்றே கேட்டுக் காது பழகிவிட்டது. இலக்கணம் படித்தவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் போனால் போதும்: அமைச்சு, அமச்சு ஆவது இடைப்போலி, அறம், அறன் ஆவது கடைப்போலி. அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. ஒன்றுபோல் நின்று அதன் வேலையைச் செய்வதுதான் போலி. மைஸ்னர் சொல்ல வந்ததும் அதுவே. அதனால் என் ஓட்டு காரப்போலிக்கு.

இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதற்குக் புற்றுக்கு எதிராக ஆராயப்பட்ட கேம்டோதெசின் என்ற காரப்போலியின் கதை ஒன்றே போதும். சீனத்து மரம் ஒன்றிலிருந்து மன்றோ வாலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்து 1966-இல் அறிவித்தார்கள். 1972-இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், பூ நாற்றமடிக்கும் ஒரு மரத்தில் அதையே கண்டார்கள். நோத்தபோடைட்டஸ் என்பது அதன் இன்றைய பெயர். கேம்டோதெசினில் நைட்ரஜன் உண்டு, ஆனால் காரத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். நீரிலும் சரியாகக் கரையாது. அதன் சோடியம் உப்பைக் கொடுத்துப் பார்த்த தொடக்கச் சோதனைகள் கடும் நச்சு விளைவுகளால் நின்றுபோயின. பிற்பாடு வேதியியலர்கள் அந்த மூலக்கூறில் காரத்தன்மையுள்ள நைட்ரஜன் பகுதி ஒன்றை ஒட்டவைத்தார்கள். அப்படிப் பிறந்த டோபோடெகான், இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. பெயரில் மட்டும் இருந்த காரத்தை மனிதக் கை சேர்த்த பிறகே அது மருந்தாயிற்று.

பொதுப்பெயருக்குத் தமிழ் வேண்டும். தனித்தனி மருந்துகளின் பெயரை மட்டும் ஒலிபெயர்த்தே எழுத வேண்டும். நித்தியகல்யாணியே இதற்குச் சான்று. 1950-களில் ஜமைக்காவிலிருந்து நீரிழிவுக்கென்று அதன் இலைகள் கனடாவில் ஆய்வாளர் ராபர்ட் நோபிளிடம் வந்து சேர்ந்தன. எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி சாறு செலுத்தியபோது வெள்ளணுக்கள் சரிந்து, எலிகள் நோய்த்தொற்றில் இறந்தன. வெள்ளணுவைக் குறைப்பது இரத்தப் புற்றுக்கு உதவுமே என்ற யோசனையில், சார்லஸ் பியருடன் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற காரப்போலியை வெளிக்கொண்டுவந்தார். ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ அரை டன் உலர்ந்த இலை வேண்டும். அதே செடியின் வின்கிறிஸ்டின் 1963-இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் கட்டப்படாமல் இரண்டுமே தடுக்கின்றன.

மூலக்கூறில் இரண்டுக்கும் வேறுபாடு ஒரு நைட்ரஜன் மீது உட்கார்ந்திருக்கும் சிறு தொகுதி மட்டும்: ஒன்றில் மெத்தில், மற்றதில் ஃபார்மைல். ஆனால் வின்கிறிஸ்டின் ஒரு தவணைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. வின்பிளாஸ்டின் அதைவிடச் சில மடங்கு தரப்படும். பெயர் மாறினால் உயிர் போகும். இவற்றுக்கு அழகான தமிழ்ப்பெயர் தேடாமல், எழுத்துப் பிசகாமல் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்றே எழுதுவோம். கட்டுரையில் முதல்முறை வரும்போது 'ஆல்கலாய்டு எனப்படும் காரப்போலி', அதன்பின் வெறும் 'காரப்போலி', பன்மையில் 'காரப்போலிகள்'.