சிசேரியனுக்குப் பிறகு வயிறு ஏன் உள்ளே போக மறுக்கிறது?

குழந்தை பிறந்து எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. எடையும் கர்ப்பத்துக்கு முன்பிருந்த எண்ணுக்கே திரும்பிவிட்டது. ஆனாலும் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றால் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது; அடிவயிற்றில் தழும்புக்கு மேலே ஒரு மடிப்பு தொங்குகிறது. “அடுத்ததா? எத்தனை மாதம்?” என்று யாராவது கேட்டும் விடுகிறார்கள். உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: வயிற்றைக் கிழித்துத் தைத்தால் தசை போய்விடும், அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பில் உள்ள தவறிலிருந்தே தொடங்கலாம். சிசேரியனில் வயிற்றுத் தசையை வழக்கமாக யாரும் வெட்டுவதில்லை.

இன்று பெரும்பாலும் நடப்பது, அடிவயிற்றின் கீழ்முனையில் இருக்கும் பூப்பெலும்புக்குச் சற்று மேலே குறுக்காகப் போடும் வெட்டு. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் யோஹான்னஸ் ஃபன்னன்ஸ்டீல் 1900இல் விவரித்த முறையும் அதன் பிற்கால மாற்றங்களும்தான் இதற்கு அடிப்படை. முதலில் தோல், அடுத்து கொழுப்பு, அதற்கடியில் தசைகளைப் போர்த்தியிருக்கும் வெள்ளை நிற உறை. இந்த உறை மெல்லியதுதான், ஆனால் முரட்டு உறுதி கொண்டது. இதுவரை கத்தி வேலை செய்கிறது. உறைக்குக் கீழே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் இருக்கின்றன. உடற்பயிற்சிக் கூடங்களில் ‘சிக்ஸ் பேக்’ என்று காட்டிக்கொள்வார்களே, அதே தசைகள். அவற்றை அறுவை மருத்துவர் ஜன்னல் திரையை விலக்குவதுபோல இருபுறமும் விரலால் ஒதுக்குகிறார். அதன்பின் வயிற்றறையின் மெல்லிய சவ்வு, பிறகு கருப்பை. குழந்தையை எடுத்த பின் கருப்பையையும் உறையையும் தோலையும் தைக்கிறார். தசை தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அப்படியானால் வயிற்றைத் தளர்த்தியது எது? கத்தி வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒன்பது மாத இழுவை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே தொல்லை இருப்பதற்குக் காரணம் அதுதான். சிசேரியன் தன் பங்குக்குச் சேர்ப்பது தழும்பை; அதற்குப் பிறகு வருகிறேன்.

‘தொப்பை’ என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு சமாச்சாரங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் குறையும்; சில தானாகக் குறையவே குறையாது. முதல் சில வாரங்களில் தெரியும் வயிற்றில் பெரும்பகுதி கருப்பையும் நீரும்தான். கர்ப்பத்துக்கு முன் 60, 70 கிராம் இருந்த கருப்பை பிரசவத்தின்போது ஏறத்தாழ ஒரு கிலோ எடையில் இருக்கிறது. குழந்தை வெளியே வந்த கையோடு அதன் உச்சி தொப்புள் உயரத்தில் நிற்கும். அங்கிருந்து நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரற்கடை வீதம் இறங்கி, இரண்டு வாரங்களில் இடுப்பெலும்புக்குள் மறைந்து, ஆறு வாரங்களில் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்துவிடும். பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருக்குவதால்தான் அந்த நேரத்தில் அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிறது. உடல் சேர்த்துவைத்த பல லிட்டர் நீரும் முதல் ஓரிரு வாரங்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறுகிறது. இவை யாரும் எதுவும் செய்யாமலேயே நடப்பவை. அந்த ஆறு வாரங்களில் கட்டிய பெல்ட்டும் குடித்த கஷாயமும் பெயரைத் தட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வயிறுதான் உண்மையான கேள்வி. அதற்கு விடை பெரும்பாலும் நடுக்கோட்டில் இருக்கிறது.

நான் சொன்ன இரண்டு தசைப் பட்டைகளையும் நடுவில் சேர்த்துப் பிடித்திருப்பது கொலாஜன் நார்களால் ஆன ஒரு வெள்ளைப் பட்டை. மருத்துவத்தில் அதற்கு லினியா ஆல்பா என்று பெயர். வெண்கோடு என்று பொருள். இனி வெறுமனே ‘பட்டை’ என்று நான் சொல்வது இதைத்தான். கரு வளர வளர இது அகன்று மெலிகிறது, தசைகள் இரண்டும் பக்கங்களுக்கு விலகுகின்றன. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் இந்த விலகல் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு மாதங்களில் தானாக வேகமாகக் குறைந்து, பிறகு மந்தமாகிவிடுகிறது. நார்வேயில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் குழந்தை பெற்ற பெண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒரு வருடம் கழித்தும் விலகல் இருந்தது. ஆகவே இதைத் தன் சோம்பலின் விளைவாக எவரும் நினைத்துக்கொள்ளத் தேவையில்லை.

தையல் ஆறிய பின் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். விரல் நுனிகளைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்குவாட்டில் வைத்து, தலையை மட்டும் மெதுவாகத் தரையிலிருந்து தூக்குங்கள். இருபுறமும் தசை விளிம்புகள் கயிறுபோல விறைக்கும். நடுவிலுள்ள பள்ளத்தில் எத்தனை விரல்கள் அடங்குகின்றன? இரண்டு விரல் அளவுக்கு மேல் இருந்தால் விலகல் என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். ஆனால் எத்தனை விரல் என்பதைவிட, விரலுக்கடியில் என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். இழுத்துக் கட்டிய பறைத்தோல்போல எதிர்த்து நிற்கிறதா, மாவில் அழுத்துவதுபோல உள்ளே போகிறதா? மூன்று விரல் இடைவெளி இருந்தும் பட்டை விறைப்பாக உள்ள பெண்ணுக்கு வயிறு தட்டையாக இருக்கலாம். இரண்டே விரல் இடைவெளியில் பட்டை தொளதொளவென்று இருப்பவருக்கு வயிறு பிதுங்கலாம். எழும்போதோ இருமும்போதோ நடுவயிற்றில் கூரை முகடுபோல ஒரு மேடு கிளம்பினால், உள்ளழுத்தத்தைத் தாங்க முடியாமல் அந்தப் பட்டை வெளியே வளைகிறது என்று பொருள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கும் ‘க்ரஞ்ச்’ பயிற்சியின்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், தசைகளுக்கு இடையிலான இடைவெளி அந்த நேரத்துக்குக் குறைகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பட்டை தளர்ந்திருப்பவருக்கு, அப்படிக் குறையும்போது அது கசங்கிய துணிபோல மடங்கி வெளியே பிதுங்குகிறது. வயிற்றைச் சுற்றி அகலப் பட்டிபோல ஓடும் ஆழ்தசையை முன்னதாகவே இறுக்கிக்கொண்டு அதே பயிற்சியைச் செய்தால் இடைவெளி கொஞ்சம் அகலமாகத் தெரியலாம். பட்டையோ விறைத்துத் தட்டையாக நிற்கும். வயிற்றை உள்ளே பிடித்துவைப்பது அந்த விறைப்புதான். க்ரஞ்ச் எல்லோருக்கும் விஷம் என்பதோ, நாளுக்கு நூறு செய்தால் வயிறு கரையும் என்பதோ சரியில்லை. ஆழ்தசையை எழுப்பாமல் நேராக அதில் இறங்குவதுதான் தவறு.

அதை எழுப்புவது எப்படி? இடுப்பின் முன்பக்கம் துருத்தும் இரண்டு எலும்புகளுக்குச் சற்று உட்பக்கமாக விரல்களை வையுங்கள். மூச்சை உள்ளே இழுத்து, பிறகு மெல்ல வெளியே விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தள தசைகளை மேலே தூக்குங்கள். விரலுக்கடியில் மெல்லிய இறுக்கம் ஒன்று தோன்றும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்கினால் இது கிடைக்காது. உதரவிதானம், ஆழ்தசை, இடுப்புத்தளம் மூன்றும் ஒரே பெட்டியின் மூடியும் சுவரும் அடித்தளமும். மூச்சை அடக்கினால் அழுத்தம் முழுவதும் சுவரின் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். குழந்தையைத் தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்குவது ஒரு நாளில் முப்பது, நாற்பது முறை கிடைக்கிற இலவசப் பயிற்சி.

மூச்சுப் பயிற்சியையும் மெதுவான நடையையும் வலி அனுமதிக்கும் அளவில் முதல் நாட்களிலேயே தொடங்கலாம். கடினமானவற்றுக்கு ஆறாவது வாரப் பரிசோதனை வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போதும் தைத்த உறை முழு பலத்தை எட்டியிருக்காது. அதற்கு இன்னும் பல மாதங்கள் பிடிக்கும். படுத்து ஒரு காலை நீட்டி மடக்குவது, பிறகு இரண்டு கால்கள், பிறகு பலகைபோல் நிற்கும் பிளாங்க் என்று ஏறலாம். ஒவ்வொரு படியிலும் நடுவயிற்றில் அந்த மேடு எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் ஒரு படி இறங்குங்கள். பெண்களின் இடுப்புத்தளம் பற்றித் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் அருகில் இருந்தால், இணைய வீடியோக்களைவிட அவருடைய அரை மணி நேரம் மேல்.

இனி தழும்பு. தோலும் கொழுப்பும் உறையும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும் அடுக்குகள். ஆறும்போது இவை சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தழும்பு உள்நோக்கி இழுக்கப்படுகிறது. அதற்கு மேலுள்ள கொழுப்பும் தோலும் இழுபடாமல் திண்ணைபோல நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெட்டில் நிணநீர்க் குழாய்களும் அறுபடுவதால் மேற்பகுதியில் சில மாதங்களுக்கு நீர்வீக்கமும் சேர்கிறது. தோலின் சிறு நரம்புகள் அறுபட்டதால்தான் அந்த இடம் மரத்திருக்கிறது. ஒல்லியான பெண்களுக்கும் இந்தத் திண்ணை இருப்பதால், இதை வெறும் கொழுப்பு என்று எண்ணிப் பட்டினி கிடப்பது வீண். காயம் முழுதாக மூடி, மருத்துவர் சரி என்ற பிறகு, தழும்பை விரலால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திக்கொடுத்தால் அந்த இறுக்கமும் மரத்த உணர்வும் குறைவதாகப் பலர் சொல்கிறார்கள். திண்ணை முற்றிலும் மறையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கொழுப்பும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் எரிக்காது. கொழுப்பு செல்களிலிருந்து வெளியேறுவது ரத்தத்தில் கலந்து உடல் முழுவதற்கும் எரிபொருளாகிறது. எந்த இடம் முதலில் இளைக்கும் என்பதை உடல்தான் முடிவு செய்யும். பால் கொடுப்பவருக்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுவதால் சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைப்பது சரிவராது.

பெல்ட் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வாரங்களில் எழுந்து நடக்கும்போது காயத்தின் வலி குறைய அது உதவுகிறது, அதற்காகக் கட்டலாம். கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்கு இல்லை. மூச்சு முட்டும்படி இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே களைத்திருக்கும் இடுப்புத்தளத்தின் மேல் உட்காரும்.

சில வயிறுகளைக் கண்ணாடியிடம் விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொப்புளிலோ தழும்பிலோ இருமினால் துருத்தும் கட்டி குடலிறக்கமாக இருக்கலாம். அது உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தால், வாந்தியும் வந்தால், அன்றே ஓட வேண்டும். மாதவிடாய் நாட்களில் மட்டும் தழும்பில் ஒரு முடிச்சு வலித்தால், கருப்பையின் உள்வரித் திசு அங்கே ஒட்டி வளர்ந்திருக்கக்கூடும். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு ஆகியவை தொற்றின் அடையாளங்கள்.

மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் பட்டை விறைக்காதவர்களுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. விலகிய தசைகளை நடுவில் இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுப்பார்கள். தழும்புத் திண்ணையும் அத்தோடு போய்விடும். ஆனால் இன்னொரு கர்ப்பம் வந்தால் தைத்த இடம் மறுபடியும் விரியக்கூடும். அதனால்தான் இந்தச் சிகிச்சைக்கு வருகிறவரிடம் மருத்துவர் முதலிலேயே கேட்கிறார்: “இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?”