மூன்று தடவை ஒரே எண் வந்தால் சரியாகிவிடுமா?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கமிருந்து வந்த ஒருவர் போர் தண்ணீர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, "ஃபுளோரைடு 1.4873, லிமிட் 1.5, அப்போ குடிக்கலாம்தானே சார்?" என்கிறார். இப்படி எத்தனை பேர்! கருவியின் திரையில் எத்தனை இலக்கம் தெரிந்ததோ அத்தனையையும் அப்படியே டைப் செய்து, கீழே ஒருவர் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

ஃபுளோரைடு எலக்ட்ரோடு, அதாவது தண்ணீரில் நனைத்து ஃபுளோரைடு பார்க்கிற கருவிக் குச்சி, நேராக அளப்பது மில்லிவோல்ட்டை. 25 டிகிரி வெப்பத்தில் ஃபுளோரைடு பத்து மடங்கு மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு மில்லிவோல்ட் ஆடினாலே விடை கிட்டத்தட்ட 4 சதவீதம் ஆடும், அதாவது 1.5-க்குப் பக்கத்தில் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம். ஆக, அந்த 1.4873-இல் 8-ஐயே நம்ப முடியாது, 73 வெறும் அலங்காரம். அந்தத் தண்ணீரில் 1.43-உம் இருக்கலாம், 1.55-உம் இருக்கலாம். இதில் இன்னொன்று, ஐஎஸ் 10500 என்கிற இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம்தான், 1.5 என்பது வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்துக்கு.

சரி, இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "மூணு தடவை போட்டுப் பார்த்தோம் சார், ஒரே ரீடிங்" என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படித்துவிட்டு லேபில் வேலை பார்க்கிற பிள்ளைகளே இதைச் சொல்கிறார்கள். தராசுத் தட்டுக்கு அடியில் கொஞ்சம் புளியை ஒட்டிவைத்துவிட்டுப் பத்துத் தடவை நிறுத்துப் பாருங்கள், பத்துத் தடவையும் ஒரே எடைதான் வரும், பத்தும் தப்பாக. திரும்பத் திரும்ப அளப்பது அங்குமிங்கும் ஆடுகிற பிழையை மட்டும்தான் காட்டும். நான்கு அளவின் சராசரி எடுத்தால் அந்த ஆட்டம் பாதியாகக் குறையும், உண்மை. ஆனால் ஒரே பக்கம் சாய்கிற பிழை நானூறு தடவை அளந்தாலும் அசையாது, ஏனென்றால் அது நானூறிலும் அதே அளவுக்கு இருக்கிறது.

அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஸ்டாண்டர்டு கரைசலிலிருந்து, அதாவது கருவிக்கு அளவு சொல்லிக்கொடுக்க வைத்திருக்கிற, அளவு தெரிந்த கரைசலிலிருந்து. மூடி சரியாக இறுகாத பாட்டில் சித்திரை வெயிலில் அலமாரியில் இருந்தால் தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகிவிடும். 1.0 என்று லேபிள் இருக்கும், உள்ளே 1.1 இருக்கும். அதை வைத்து அளந்தால் கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீராகத் தெரியும். கருவி பொய் சொல்லவில்லை, நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறது. டிசாப் (அளக்குமுன் இரண்டிலும் ஒரே மாதிரி சேர்க்க வேண்டிய கரைசல்) என்பதை ஸ்டாண்டர்டில் ஊற்றிவிட்டு, சோதிக்க வந்த தண்ணீர் மாதிரியில் ஊற்ற மறப்பவர்களைப் பற்றி ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

தம்பிகளா, தங்கச்சிகளா, வேறு பாட்டிலில் வாங்கிய, அளவு தெரிந்த இன்னொரு ஸ்டாண்டர்டை மாதிரி போல வைத்து ஓட்டுங்கள். பிளாங்க், அதாவது ஃபுளோரைடே இல்லாத சுத்தத் தண்ணீரை ஓட்டுங்கள். மாதிரியில் தெரிந்த அளவு ஃபுளோரைடு சேர்த்து, சேர்த்தது திரும்பி வருகிறதா பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

தண்ணீர் கொண்டுவருகிறவர்களுக்கும் சொல்கிறேன். கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கழுவாமல் கொண்டுவராதீர்கள். கண்ணாடி வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிப் பிடியுங்கள், தேதி எழுதுங்கள். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு தடவை பார்த்தால்தான் அந்தப் போரைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். அப்புறம், ஆர்ஓ விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒன்றை நனைத்துக் காட்டுகிறாரே, அது டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் தோராயமாகக் காட்டும். ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

ரிப்போர்ட்டில் 1.5-ஐ ஒட்டி எண் வந்தால் பாஸ் என்று சந்தோஷப்படாதீர்கள். எட்டு வயதுக்குக் கீழே குழந்தைகள் இருக்கும் வீடாக இருந்தால், தயவுசெய்து, குடிக்கவும் சமைக்கவும் காவிரியிலிருந்து வருகிற ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், போரைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.